இணையதள மிரர்: எப்படி இயங்குகிறது, எதற்கு வைக்கிறார்கள், நாமே ஒன்றை எப்படி வைப்பது

1991 செப்டம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 0.01 பதிப்பு ஃபின்லாந்தில் இருந்த ஃபுனெட் என்ற, கோப்புகளைப் பகிரும் எஃப்டிபி சர்வரில் வைக்கப்பட்டது. அமெரிக்காவில் இருப்பவர்கள் அதை எடுக்க அட்லாண்டிக்கைத் தாண்டி வர வேண்டும். அன்றைய லைன் வேகத்தில் அது பெரும்பாடு. எம்ஐடியில் இருந்த தியோடர் சோ, டிஎஸ்எக்ஸ்-11 என்ற கணினியில் அதே கோப்புகளின் நகலை வைத்தார். வட அமெரிக்காவில் இருந்தவர்கள் அதற்கப்புறம் கடல் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

மிரர் என்பது இதுதான். ஒரு தளத்தின் கோப்புகளை, அதே பெயர்களோடும் அதே அடைவு அமைப்போடும் இன்னொரு சர்வரில் வைத்து, மூலம் மாறும்போதெல்லாம் நகலையும் மாற்றிக்கொண்டே இருப்பது. ஒருமுறை நகலெடுத்து வைப்பது யாராலும் முடியும். அதை வருஷக்கணக்கில் பிழையில்லாமல் மூலத்தோடு ஒத்துப்போக வைப்பதுதான் வேலை. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

சிடிஎன் என்ற உள்ளடக்க விநியோக வலையமைப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிடிஎன் பெரும்பாலும் யாராவது ஒரு கோப்பைக் கேட்ட பிறகுதான் அதை மூலத்திலிருந்து எடுத்துக் கொஞ்ச காலம் வைத்திருக்கும். மிரரில் யாருமே கேட்காத கோப்பும் இருக்கும். மூல சர்வர் படுத்துவிட்டாலும் மிரர் முழுசாக நிற்கும்.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

முதல் காரணம் தூரம். சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு ஒரு பாக்கெட் போய்த் திரும்பவே கால் வினாடிக்குப் பக்கத்தில் ஆகிவிடும். ஒரு பக்கத்துக்குள் நாற்பது சின்னக் கோப்புகள் இருந்தால் அந்தக் கால் வினாடி சேர்ந்துகொண்டே போகும். சர்வர் இந்தியாவுக்குள் இருந்தால் அந்தக் காத்திருப்பு பல மடங்கு குறைந்துவிடும்.

இரண்டாவது, கடலடி கேபிள். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்தபோது இந்தியா வரைக்கும் இணையம் தள்ளாடியது. அந்த மாதிரி நாட்களில் உள்நாட்டிலேயே ஒரு நகல் இருப்பதன் அருமை தெரியும். சென்னை ஐஐடி போன்ற கல்வி நிறுவனங்கள் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் விநியோகங்களின் (கெர்னலோடு மற்ற மென்பொருளையும் சேர்த்துத் தரும் தொகுப்புகளின்) மிரர்களை நடத்தி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு வளாகத்தில் ஆயிரம் கணினிகள் ஒரே அப்டேட்டை வெளிநாட்டிலிருந்து ஆயிரம் முறை இழுப்பது அநியாயம்.

மூன்றாவது, கூட்டம். ஒரு லினக்ஸ் விநியோகத்தின் புதிய பதிப்பு வெளியாகும் நாளில் ஒரே சர்வர் தாங்காது. பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடக்கும் டெபியன் போன்ற திட்டம், உலகம் முழுக்க டெராபைட் கணக்கில் மென்பொருளைக் கொடுக்க முடிகிறதென்றால் அதற்கு மிரர் நடத்தும் பல்கலைக்கழகங்களும் இணைய நிறுவனங்களும்தான் காரணம். இவர்களுக்கு நாம் நன்றி சொல்வதே இல்லை.

நான்காவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: தளங்கள் சாகின்றன. யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. சாதாரண மனிதர்கள் முதன்முதலாக இணையத்தில் எழுதிய லட்சக்கணக்கான பக்கங்கள் அதில் இருந்தன. ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு மூடுவதற்குள் முடிந்த மட்டும் இழுத்துவைத்து, அடுத்த ஆண்டு 641 ஜிபி அளவுள்ள டாரன்ட்டாக வெளியிட்டது. இணையப் பக்கங்களைச் சேகரித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ்கூடத் தன் சேகரிப்பை ஒரே இடத்தில் வைத்திருக்கவில்லை. 2002-லேயே ஒரு நகல் அலெக்சாந்திரியா நூலகத்துக்குப் போய்விட்டது.

தடையும் ஒரு காரணம். 2010 டிசம்பரில், ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் தளத்தை அமேசான் தன் சர்வர்களிலிருந்து இறக்கியது. தளத்தின் பெயரைச் சர்வரின் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையைக் கொடுத்த எவ்ரிடிஎன்எஸ்ஸும் கைவிட்டது. சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிரர்கள் முளைத்தன. அந்தத் தளத்தைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், ஒரு முகவரியை மூடினால் உள்ளடக்கம் மறைந்துவிடும் என்ற எண்ணம் அந்த வாரத்தோடு போயிற்று.

தொடங்கும் முன்

மூன்று விஷயங்களை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, அனுமதி. இணையத்தில் திறந்து கிடக்கிறது என்பதாலேயே நகலெடுத்துப் பிரசுரிக்கும் உரிமை வந்துவிடாது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இணையப் பக்கத்துக்கும் பொருந்தும். கட்டற்ற உரிமத்தில் இருக்கும் தளம் என்றால் உரிமத்தின் நிபந்தனையைப் படியுங்கள். இல்லையென்றால் தளக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பல பேர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். உங்கள் தளத்தை நீங்களே மிரர் செய்வதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பழகுவதற்கு அதுதான் நல்ல இடம்.

இரண்டு, அவர்களே வழி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இலவச மின்னூல்களைத் தரும் குட்டன்பர்க் திட்டம் தன் இணையதளத்தை நிரல்கள் மேயக் கூடாது என்று சொல்லிவிட்டு, மிரர் வைக்க விரும்புகிறவர்களுக்கு ஆர்சிங்க் என்ற கோப்பு ஒத்திசைவுக் கருவியின் வழியைத் தனியாகக் கொடுத்திருக்கிறது. விக்கிப்பீடியா தன் முழுத் தரவையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளும் டம்ப் கோப்புகளாக வெளியிடுகிறது. ஆஃப்லைனில் படிக்க மட்டும்தான் என்றால் கிவிக்ஸ் செயலி ஒரே கோப்பில் முழு விக்கியையும் தரும். பக்கம் பக்கமாக இழுத்து அவர்கள் சர்வரை வருத்துவது தேவையே இல்லை.

மூன்று, நீங்கள் உள்ளே இருந்து எடுக்கிறீர்களா, வெளியே இருந்தா? மூல சர்வரின் கோப்புகளை நேராகத் தொட முடிந்தால் ஆர்சிங்க். பிரவுசரில் தெரிவது மட்டும்தான் கிடைக்கும் என்றால் டபிள்யூகெட் அல்லது எச்டிட்ராக். இரண்டும் அடிப்படையிலேயே வேறு. முன்னது கோப்பை நகலெடுக்கிறது. பின்னது பக்கத்தைப் படித்து, அதில் உள்ள இணைப்புகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகத் தேடிப் போகிறது. யாரும் இணைப்புக் கொடுக்காத பக்கம் அதன் கண்ணில் படாது.

வெளியிலிருந்து எடுப்பது: டபிள்யூகெட்

டபிள்யூகெட்டை ஹர்வோயே நிக்ஷிச் 1996-ல் வெளியிட்டார். இன்றும் இந்த வேலைக்கு அதுதான் என் முதல் தேர்வு. கட்டளை பிடிக்காது, ஜன்னலில் கிளிக் செய்துதான் பழக்கம் என்றால் சேவியர் ரோஷின் எச்டிட்ராக் இருக்கிறது. விண்டோஸில் நன்றாக ஓடும். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பாகத் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

டபிள்யூகெட் --மிரர் --பேஜ்-ரெக்விசிட்ஸ் --கன்வர்ட்-லிங்க்ஸ் --பேக்அப்-கன்வர்ட்டட் --அட்ஜஸ்ட்-எக்ஸ்டென்ஷன் --நோ-பேரன்ட் --வெயிட்=2 --ரேண்டம்-வெயிட் முகவரி

இதில் ஒவ்வொன்றும் ஏன் என்று தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

மிரர் என்ற விருப்பம் இணைப்புகளை எத்தனை ஆழத்துக்கும் பின்தொடரச் சொல்கிறது. கூடவே நேர முத்திரையைச் சரிபார்க்கவும் சொல்கிறது. அடுத்த முறை ஓட்டும்போது ‘இந்தத் தேதிக்குப் பிறகு மாறியிருந்தால் மட்டும் கொடு’ என்று சர்வரிடம் கேட்கும். மாறவில்லையென்றால் சர்வர் 304 என்ற பதிலை மட்டும் அனுப்பும், கோப்பு வராது. ஆனால் பல தளங்களில் பக்கங்கள் கேட்கும்போதுதான் உருவாக்கப்படுகின்றன. கடைசியாக மாறிய தேதி அவற்றில் இருக்காது. அப்படிப்பட்ட தளத்தில் ஒவ்வொரு ஓட்டத்திலும் எல்லாமே மறுபடி இறங்கும். அதைப் பார்த்துவிட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.

பேஜ்-ரெக்விசிட்ஸ் படம், ஸ்டைல் கோப்பு முதலியவற்றை எடுக்கும். படங்கள் வேறு ஹோஸ்டில், அதாவது வேறு சர்வர் பெயரில், இருந்தால் இது மட்டும் போதாது. வேறு ஹோஸ்டுக்குப் போக அனுமதி கொடுத்து, கூடவே எந்தெந்த டொமைன்கள் என்ற பட்டியலையும் கொடுக்க வேண்டும். பட்டியல் இல்லாமல் அனுமதியை மட்டும் கொடுத்தால் நிரல் இணையம் முழுக்கச் சுற்றப் போய்விடும்.

கன்வர்ட்-லிங்க்ஸ் எல்லாம் இறங்கி முடிந்த பிறகுதான் வேலை செய்யும். இறங்கிய பக்கங்களுக்கான இணைப்புகளை உள்ளூர் பாதையாக மாற்றும். இறங்காதவற்றுக்கு மூலத்தின் முழு முகவரியைப் போட்டுவிடும். பாதியில் நிறுத்தினால் இணைப்புகள் மாறாமல் கிடக்கும், பதற வேண்டாம். இன்னொரு நுணுக்கம்: இணைப்பை மாற்றியதும் கோப்பின் அளவு மாறிவிடுகிறது, அடுத்த ஓட்டத்தில் ஒப்பிட்டால் மூலத்தோடு பொருந்தாது. பேக்அப்-கன்வர்ட்டட் விருப்பம் மாற்றாத மூலக் கோப்பையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடும். இது இல்லாமல் தொடர்ந்து மிரர் செய்தால் மாறாத பக்கங்களும் ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டிருக்கும்.

நோ-பேரன்ட் கொடுத்த அடைவுக்கு மேலே ஏறாமல் தடுக்கும். முகவரியின் கடைசியில் சாய்கோடு கட்டாயம். ‘நூல்கள்/’ என்று முடித்தால்தான் அது அடைவு என்று புரியும். சாய்கோட்டை விட்டால் அதை ஒரு கோப்பாக நினைத்து, அது இருக்கும் அடைவில் உள்ள மற்ற எல்லாவற்றையும் எடுக்கத் தொடங்கும்.

வெயிட், ரேண்டம்-வெயிட் இரண்டும் மரியாதை. இரண்டு வினாடி இடைவெளி விட்டு, அதையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கேட்பது. சின்னத் தளம் ஒன்றை ஒருவர் சொந்தக் காசில் நடத்திக்கொண்டிருப்பார். நீங்கள் ஒரே இரவில் மொத்தத்தையும் உறிஞ்சினால் அவருடைய மாத அளவு தீர்ந்துபோகும். நிரல் தன்னைச் சர்வருக்கு அறிமுகப்படுத்தும் யூசர்-ஏஜென்ட் வரியில் உங்கள் மின்னஞ்சலைப் போட்டுவிடுங்கள். சர்வர் பதிவேடான லாகில் பார்த்து அவர் கேள்வி கேட்க ஒரு வழி இருக்கும். எதை நிரல்கள் எடுக்கக் கூடாது என்று தளம் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பை டபிள்யூகெட் தானாகவே மதிக்கும். 1994-ல் மார்ட்டின் கோஸ்டர் தொடங்கிய அந்தப் பழக்கம் 2022-ல் முறையான இணையத் தரமாகவும் ஆகிவிட்டது. தளக்காரர் அனுமதி தந்தால் ஒழிய அதை அணைக்காதீர்கள்.

எங்கே மாட்டிக்கொள்வோம்

நாட்காட்டி உள்ள தளம் ஒரு கண்ணி. ‘அடுத்த மாதம்’ என்ற இணைப்பைப் பின்தொடர்ந்தால் 2090 வரை போய்க்கொண்டே இருக்கும். வரிசைப்படுத்தும் இணைப்புகளும் அப்படித்தான்: ஒரே பட்டியல் பெயர்வாரியாக, தேதிவாரியாக, அளவுவாரியாக என்று பல முகவரிகளில் கிடைக்கும். முதல் ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்து, லாகில் கேள்விக்குறியோடு வரும் முகவரிகளைக் கவனித்து, ரிஜெக்ட்-ரெஜெக்ஸ் விருப்பத்தால் அவற்றை ஒதுக்குங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு சுவர். டபிள்யூகெட் எச்டிஎம்எல்லையும் ஸ்டைல் கோப்பையும் படிக்கும். நிரலை ஓட்டிப் பார்க்காது. பக்கம் முழுவதையும் நிரலே கட்டும் தளத்தில் உங்களுக்கு வெறும் கூடுதான் கிடைக்கும். அதற்கு உண்மையான பிரவுசரை வைத்து வலம்வரும் கருவி வேண்டும். வெப்ரெக்கார்டர் குழுவின் பிரவுசர்டிரிக்ஸ் அப்படி ஒன்று.

அப்புறம், தமிழ்ப் பெயர்கள். தமிழ் முகவரிகள் உள்ள தளத்தை எடுப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது, ஏனென்றால் ஆங்கிலத் தளம் எடுப்பவர்களுக்கு இது வராது. எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ‘க’ என்பது 224, 174, 149. ‘ம’ என்பது 224, 174, 174. டபிள்யூகெட் இயல்பாக 128 முதல் 159 வரையான பைட்டுகளைக் கட்டுப்பாட்டுக் குறிகள் என்று எடுத்துக்கொண்டு, கோப்புப் பெயரில் அவற்றைச் சதவீதக் குறியாக (ஒரு % குறியும் அதன் பின் இரண்டு எழுத்தும்) மாற்றிவிடும். ‘ம’ தப்பித்துவிடும். ‘க’வின் மூன்றாவது பைட் 149, அது மாட்டிக்கொள்ளும். விளைவு, ‘மகரம்’ என்ற பெயரில் பாதி எழுத்து சரியாகவும் பாதி உடைந்தும் நிற்கும். ரெஸ்ட்ரிக்ட்-ஃபைல்-நேம்ஸ் விருப்பத்துக்கு நோகன்ட்ரோல் என்ற மதிப்பைக் கொடுத்தால் பெயர்கள் அப்படியே வரும்.

பெயரின் நீளத்தையும் பாருங்கள். லினக்ஸில் வழக்கமான கோப்பு முறைமைகள் ஒரு பெயருக்கு 255 பைட்தான் அனுமதிக்கும். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறிகள், அதுவும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து. பெயர் சதவீதக் குறியாகச் சேமிக்கப்பட்டால் ஒரு குறிக்கு ஒன்பது இடம், அதாவது 28 குறிகளில் தீர்ந்துவிடும். ஒரு சாதாரணச் செய்தித் தலைப்பே அதைத் தாண்டும்.

பாதுகாப்பதற்காக எடுக்கிறீர்கள், அதாவது மூலம் மூடப்படப் போகிறது என்றால், வார்க் வடிவத்தில் சேமியுங்கள். பக்கத்தோடு சேர்த்து சர்வர் அனுப்பிய தலைப்புகள், நேரம் எல்லாம் அதில் பதிவாகும். ஐஎஸ்ஓ தரமான இந்த வடிவத்தை டபிள்யூகெட் 1.14 பதிப்பிலிருந்து எழுதும். ஆனால் வார்க் எழுதும்போது நேர முத்திரை ஒப்பீடு வேலை செய்யாது. அன்றாட மிரர் வேறு, காப்பகப் பதிவு வேறு என்று இரண்டையும் தனித்தனி ஓட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளிருந்து எடுப்பது: ஆர்சிங்க்

மூல சர்வர் உங்களுடையது, அல்லது அவர்கள் ஆர்சிங்க் வழி கொடுத்திருக்கிறார்கள் என்றால் மேலே சொன்ன தொல்லைகளில் முக்கால்வாசி இல்லை. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மக்கராஸும் 1996-ல் வெளியிட்ட கருவி இது. உலகத்தின் பெரிய மிரர்கள் பலவும் இதன் மேல்தான் ஓடுகின்றன.

இதன் அழகு எங்கே இருக்கிறது என்றால், மாறிய கோப்பிலும் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதில். நகல் வைத்திருப்பவர் தன் பழைய கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு மூலத்துக்கு அனுப்புகிறார். ஒன்று சீக்கிரம் கணக்கிடக்கூடிய லேசான எண், இன்னொன்று நம்பகமான பெரிய எண். மூலம் தன் புதிய கோப்பின் மேல் அதே அளவு ஜன்னலை ஒவ்வொரு பைட்டாக நகர்த்திக்கொண்டே போகிறது. லேசான எண்ணுக்கு ஒரு குணம் உண்டு: ஜன்னல் ஒரு பைட் நகர்ந்தால் முழுசாகத் திரும்பக் கூட்ட வேண்டாம், வெளியேறிய பைட்டைக் கழித்து உள்ளே வந்ததைச் சேர்த்தால் போதும். அது பொருந்தினால் மட்டும் பெரிய எண்ணைக் கணக்கிட்டு உறுதி செய்துகொள்கிறது. பொருந்திய துண்டுக்கு ‘உன்னிடம் இருக்கும் 37-ஆம் துண்டு’ என்று மட்டும் சொல்லிவிட்டு, பொருந்தாத பைட்டுகளை மட்டும் அனுப்புகிறது. கோப்பின் தொடக்கத்தில் ஒரு வரியைச் செருகினால் மீதி எல்லாம் தள்ளிப்போகும் அல்லவா, அப்போதும் இந்த முறை ஏமாறாது.

எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்பதை அளவையும் தேதியையும் மட்டும் பார்த்தே முடிவு செய்கிறது. வேகத்துக்கு அது சரி. ஆனால் உங்கள் டிஸ்க்கில் ஒரு கோப்பு உள்ளுக்குள் கெட்டுப்போய், அளவும் தேதியும் அப்படியே இருந்தால் இதற்குத் தெரியாது. அவ்வப்போது செக்சம் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள். நேரம் பிடிக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

கட்டளை இப்படி:

ஆர்சிங்க் --ஆர்கைவ் --ஹார்ட்-லிங்க்ஸ் --சேஃப்-லிங்க்ஸ் --டிலே-அப்டேட்ஸ் --டிலீட்-ஆஃப்டர் --மேக்ஸ்-டிலீட்=500 மூலம்/ நகல்/

முதல் முறை இதோடு ட்ரை-ரன் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யும் என்று மட்டும் பட்டியல் போடும். இங்கேயும் மூலத்தின் கடைசிச் சாய்கோடு முக்கியம்: இருந்தால் அடைவின் உள்ளடக்கம் வரும், இல்லாவிட்டால் நகலுக்குள் இன்னொரு அடைவாக உட்காரும். அந்த நிலையில் டிலீட் அந்த உள் அடைவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும், ஏற்கெனவே இருந்த நகல் பழையபடியே கிடக்கும்.

வரிசை ஏன் முக்கியம்

டெபியன் இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். அதன் காப்பகத்தில் பொதிகள், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் கோப்புகள், ஓரிடம், அவற்றைப் பட்டியலிடும் அட்டவணைக் கோப்புகள் வேறிடம். மிரர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மக்கள் டவுன்லோட் செய்துகொண்டும் இருப்பார்கள். புதிய அட்டவணை முதலில் வந்து, அது சொல்லும் பொதி இன்னும் வரவில்லையென்றால் பயனருக்குப் பிழைதான் கிடைக்கும். அதனால் டெபியனின் எஃப்டிபிசிங்க் நிரல் இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் கட்டத்தில் அட்டவணைகளை விட்டுவிட்டுப் புதிய பொதிகளை மட்டும் கொண்டுவரும், எதையும் அழிக்காது. இரண்டாவது கட்டத்தில் அட்டவணைகளைக் கொண்டுவந்து, அதன் பிறகு பழைய பொதிகளை அழிக்கும். எந்த நொடியில் யார் கேட்டாலும், பட்டியலில் இருப்பது அலமாரியிலும் இருக்கும்.

உங்கள் சின்னத் தளத்துக்கும் இதே விதிதான். படங்களும் ஸ்டைல் கோப்புகளும் முதலில், பக்கங்கள் அடுத்து, அழிப்பது கடைசியில். இதைவிடச் சுலபமான வழி: புதிய நகலைத் தனி அடைவில் முழுசாகத் தயார் செய்து, சர்வர் பார்க்கும் சிம்லிங்க்கை (இன்னொரு அடைவைச் சுட்டும் குறுக்குவழியை) ஒரே நொடியில் அதன் பக்கம் திருப்பிவிடுவது.

காலம் குறிக்க, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரான் போதும். டெபியன் காப்பகம் ஒரு நாளில் நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. அதற்கேற்ப மிரர்களும் ஓடுகின்றன. உங்கள் மூலம் வாரம் ஒருமுறைதான் மாறும் என்றால் மணிக்கொரு முறை கேட்பதில் அர்த்தமில்லை. முழு மணி நேரத்தில் வைக்காதீர்கள், உலகமே அந்த நிமிஷத்தில்தான் மூலத்தைத் தட்டும். 17, 43 என்று ஏதாவது ஒரு நிமிஷத்தைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி ஃபிளாக் கருவியால் பூட்டு போடுங்கள்.

மிரர் பேக்அப் ஆகாது

2013 மார்ச்சில், லினக்ஸுக்கான டெஸ்க்டாப் மென்பொருளை உருவாக்கும் கேடிஈ திட்டத்துக்கு நடந்ததை மிரர் வைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுடைய மூல நிரல் அத்தனையும், நிரலின் எல்லாப் பதிப்புகளையும் சேமிக்கும் ஏறக்குறைய 1500 கிட் களஞ்சியங்கள், ஒரு மைய சர்வரில் இருந்தன. உலகின் பல இடங்களில் மிரர்கள் இருந்ததால் ஆபத்தில்லை என்று நம்பியிருந்தார்கள். பராமரிப்புக்காக மைய சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கியபோது அதன் கோப்பு முறைமை கெட்டிருந்தது. எந்தெந்தக் களஞ்சியங்கள் இருக்கின்றன என்று சொல்லும் பட்டியல் கோப்பும் கெட்டது. மிரர்கள் அந்தப் பட்டியலை வாங்கின. அதில் இல்லாத களஞ்சியங்களெல்லாம் மூலத்தில் அழிக்கப்பட்டுவிட்டன என்று எடுத்துக்கொண்டு, தங்களிடம் இருந்ததையும் வரிசையாக அழித்தன. சொன்ன வேலையைப் பிசகாமல் செய்தன. ஒரே ஒரு சர்வரில் மட்டும் நகல் தப்பியிருந்ததால் இருபதாண்டை நெருங்கிய உழைப்பு பிழைத்தது.

மேலே கட்டளையில் மேக்ஸ்-டிலீட் போட்டது இதற்காகத்தான். ஒரே ஓட்டத்தில் 500-க்கு மேல் அழிக்க வேண்டியிருந்தால் ஆர்சிங்க் மீதியை அழிக்காமல் விட்டு, 25 என்ற பிழை எண்ணோடு முடியும். அந்த எண் வந்தால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும்படி வையுங்கள். நீங்கள் நேரில் பார்த்த பிறகுதான் அடுத்த ஓட்டம். எண்ணை உங்கள் தளத்தின் இயல்பான மாற்றத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, லிங்க்-டெஸ்ட் (‘டெஸ்ட்’ இங்கே டெஸ்டினேஷனின் சுருக்கம்) விருப்பத்தால் தேதிவாரியாகச் சில பழைய நிலைகளையும் வைத்திருங்கள். மாறாத கோப்புகள் ஹார்ட் லிங்காகவே, அதாவது அதே தரவுக்கு இன்னொரு பெயராகவே, நிற்பதால் அதிக இடம் பிடிக்காது. இந்தப் பழைய நிலைகள்தான் பேக்அப்.

நகலை எப்படி நம்புவது?

2008-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் கப்போஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, உபுண்டு, ஃபெடோரா, டெபியன் உள்ளிட்ட ஐந்து விநியோகங்களுக்கு மிரராக விண்ணப்பித்தார்கள். எல்லாப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான கணினிகள் அதிலிருந்து மென்பொருள் எடுக்க வந்தன. அவற்றில் ராணுவ, அரசுக் கணினிகளும் இருந்தன.

ஆகவே, மிரர் நடத்துபவர் நல்லவர் என்பதன் மேல் பாதுகாப்பைக் கட்டக் கூடாது. டெபியன் மாதிரி: மூலத்தின் சாவியால் கையொப்பமிட்ட ஒரு ரிலீஸ் கோப்பு, அதில் அட்டவணைகளின் ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்), அட்டவணையில் ஒவ்வொரு பொதியின் ஹேஷ். ஒரு பைட் மாறினாலும் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் கையொப்பம் மட்டும் போதாது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. கெட்ட எண்ணமுள்ள மிரர் ஒன்று, முறையாகக் கையொப்பமிட்ட பழைய பதிப்பையே கொடுத்துக்கொண்டிருந்தால், ஓட்டை அடைக்கப்படாத மென்பொருளோடு நீங்கள் நின்றுவிடுவீர்கள். இதற்காகத்தான் ரிலீஸ் கோப்பில் காலாவதித் தேதி போடும் வழி இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: மூலத்தில் எல்லாக் கோப்புகளின் எஸ்எச்ஏ-256 ஹேஷ் பட்டியலை உருவாக்கி, தேதியோடு ஜிபிஜி என்ற கையொப்பக் கருவியின் சாவியால் கையொப்பமிட்டு வைப்பது. மிரரில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அந்தப் பட்டியலோடு சரிபார்ப்பது. கையொப்பமிடும் சாவியை மிரரில் வைக்கவே கூடாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற விநியோகத்தின் தளத்தில் புகுந்தவர்கள், டவுன்லோட் இணைப்பைக் கெட்ட ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டுக் கோப்பு) இருந்த வேறு சர்வருக்குத் திருப்பினார்கள். அந்தமாதிரி நேரத்தில் அதே பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ஹேஷையும் மாற்றிவிட முடியும். வெளியே இருக்கும் சாவியால் போட்ட கையொப்பத்தை அப்படி மாற்ற முடியாது.

மக்களுக்குத் திறப்பது

மிரருக்கென்று தனிப் பயனர் கணக்கு வையுங்கள், முழு அதிகாரமுள்ள ரூட்டாக ஓட்ட வேண்டாம். சர்வரில் அந்த அடைவுக்கு பிஎச்பி உள்ளிட்ட எல்லா நிரல் ஓட்டங்களையும் அணைத்துவிடுங்கள். மூலத்தில் யாராவது புகுந்து ஒரு நிரலைப் போட்டால் அது உங்களிடமும் வந்து சேரும். ஓடாமல் வெறும் கோப்பாகக் கிடக்கட்டும். தேடல் பெட்டி, உள்நுழைவு, படிவங்கள் எதுவும் கோப்பு மிரரில் வேலை செய்யாது. அவற்றை மூலத்துக்கே அனுப்புங்கள், பயனர் தன் கடவுச்சொல்லை உங்கள் சர்வரில் தட்டச்சு செய்யும் நிலையே வரக் கூடாது.

மூலம் உயிரோடு இருக்கும்போது தேடுபொறியில் உங்கள் நகல் அதை முந்துவது நியாயமில்லை. பக்கங்களில் கனானிக்கல் குறியால் மூலத்தின் முகவரியைக் காட்டுங்கள், அல்லது எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் தலைப்பில் நோஇன்டெக்ஸ் கொடுங்கள். இரண்டில் ஒன்று போதும்.

பயனர் எந்த மிரருக்குப் போவது என்பதற்குப் பல வழிகள் உண்டு. எளிமையானது, பட்டியலைக் காட்டி அவரையே தேர்ந்தெடுக்க விடுவது. அடுத்தது, டெக்ஸ் அச்சுக்கோப்பு மென்பொருளின் காப்பகமான சிடிஏஎன் செய்வதுபோல ஒரே முகவரியில் கேட்டுப் பக்கத்தில் இருக்கும் மிரருக்குத் திருப்பி அனுப்புவது. டிஎன்எஸ் மட்டத்திலேயே இடத்துக்கேற்ற விடை கொடுக்கலாம். அப்படிச் செய்தால் எல்லா மிரர்களும் ஒரே பெயருக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், அந்தச் சாவியை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்க வேண்டியிருக்கும். தன்னார்வலர் மிரர்களுக்குத் திருப்பி அனுப்பும் முறைதான் என் பரிந்துரை.

மிரர் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று எப்போதும் கண்காணியுங்கள். டெபியனில் ஒவ்வொரு மிரரும் ஓட்டம் முடிந்ததும் தன் பெயரில் ஒரு டிரேஸ் கோப்பில் நேரத்தை எழுதிவைக்கிறது. மூலத்தின் டிரேஸ் கோப்பும் கூடவே நகலாகி வருவதால், எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடலாம். நீங்களும் மூலத்தில் நேரம் எழுதிய ஒரு சின்னக் கோப்பை வையுங்கள், மிரரில் அது இரண்டு நாளுக்கு மேல் பழசானால் எச்சரிக்கை வரட்டும். பக்கம் திறக்கிறதா என்று மட்டும் சோதிக்கும் கருவியை நம்பாதீர்கள். ஆறு மாதம் பழைய மிரரும் பளிச்சென்று திறக்கும்.

ஒருநாள் நிறுத்த வேண்டிவரலாம். அப்போது முதலில் மூலத்துக்காரருக்கு எழுதிப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லுங்கள். ஒத்திசைவை உடனே நிறுத்திவிட்டு சர்வரை மட்டும் ஓடவிடாதீர்கள்; அதுதான் மக்களைப் பழைய மென்பொருளில் மாட்டிவிடும். கோப்புகளை எடுத்துவிட்டு, எல்லா முகவரிகளையும் மூலத்துக்குத் திருப்பிவிடுங்கள், குறைந்தது சில மாதமாவது. டொமைன் பெயர் தனியாக வாங்கியிருந்தால் அதைக் காலாவதியாக விடுவதற்கு முன் லாகைப் பாருங்கள். யாருடைய கணினியோ இன்னும் அந்தப் பெயரில் அப்டேட் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பெயரை அடுத்து வாங்குபவர் கையில்தான் அந்தக் கணினி போய்ச் சேரும். கேட்பவர்கள் நிற்கும்வரை ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருங்கள்.